சிட்டை முதல் செயலி வரை: நம் வணிகர்களும் கணக்கும்

திருக்குர்ஆனில் ஆக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. தவணைக்குக் கடன் கொடுத்தால் எழுதுங்கள், எழுதத் தெரிந்தவர் நேர்மையாக எழுதட்டும், சாட்சி வையுங்கள், தொகை சிறியதானாலும் சோம்பல்படாதீர்கள் என்ற பொருளில் அமைந்த கட்டளை. வார இறுதி மதரஸாவில் எங்களுக்கு ஓதிக்கொடுத்த ஆலிம்சா, "நீங்களெல்லாம் கடைக்காரப் பிள்ளைகள். மற்றவர்களைவிட நீங்கள் இதை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

பொன்விழா மலருக்காகத் தகவல் தொழில்நுட்பமும் வணிகமும் என்ற தலைப்பில் எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது அந்த வசனம்தான் நினைவுக்கு வந்தது. எந்த மென்பொருளை வாங்கலாம், எந்தச் செயலி மலிவு என்று எழுதினால் மலர் உங்கள் கைக்கு வருவதற்குள் அது பழசாகிவிடும். ஆகவே பின்னோக்கிப் போகிறோம். செய்தி வேகமாகப் பயணம் செய்யத் தொடங்கிய ஒவ்வொரு முறையும் நம் வணிகர்களில் சிலர் ஏறியிருக்கிறார்கள், சிலர் இறங்கியிருக்கிறார்கள். அது கணினியோடு ஆரம்பித்த கதையன்று.

கப்பலில் வந்த விலை

1819க்குப் பிறகு பினாங்கிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் நம்மவர் சிங்கப்பூருக்கு வந்தார்கள். 1822இல் வகுத்த நகரத் திட்டத்திலேயே சூலியாக்களுக்கென்று சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியில் ஓரிடம் குறிக்கப்பட்டிருந்தது. சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் நிறுவப்பட்டது. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்தது. தெலுக் ஆயர் அன்று கடலோரம். கப்பலிலிருந்து இறங்கியவர் முதலில் பார்த்தது அந்த மினாராக்களைத்தான்.

அந்தக் காலத்தில் விலைச்செய்தியும் சரக்கும் ஒரே பாய்க்கப்பலில் வந்தன. நாகப்பட்டினத்தில் துணி என்ன விலை, பினாங்கில் பாக்கு என்ன விலை என்பதை அந்தக் கப்பலில் வந்த மரக்காயர்தான் சொல்ல வேண்டும். சரக்கின் சொந்தக்காரரும் செய்தியின் சொந்தக்காரரும் அவரே. அதுதான் அவருடைய பலம். 1845இல் அஞ்சல் நீராவிக் கப்பல் வரத் தொடங்கியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1870–71இல் கடலடித் தந்திக் கம்பி சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்தது. அன்றிலிருந்து சரக்கு நாள்கணக்கில் வர, விலை மணிக்கணக்கில் வந்து சேர்ந்தது.

தந்திக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. பெரிய ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் சங்கேதச் சொற்புத்தகங்களை வைத்துக்கொண்டு ஒரே சொல்லில் ஒரு முழு வாக்கியத்தை அனுப்பின. சொந்தப் பாய்க்கப்பலில் வணிகம் செய்த நம் முன்னோருக்கு நீராவியின் வேகமும் இல்லை, தந்தியின் செலவுக்கு ஈடுகொடுக்கும் முதலும் இல்லை. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் வணிகத்தில் அவர்களின் கை தாழ்ந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. செய்தி அவர்கள் கையைவிட்டுப் போனதும் அவற்றில் ஒன்று என்றே நாங்கள் நினைக்கிறோம்.

கப்பல் போனபின் நம்மவர் கடைக்குள் வந்தார்கள். காசு மாற்றுதல், மளிகை, துணி, நகை, சாப்பாட்டுக் கடை, ஐந்தடியில் ஒட்டுக்கடை. இவற்றில் பெரிய முதலைவிட ஆளறிதலும் மனக்கணக்கும் அதிகம் உதவின.

சிட்டையும் 555 புத்தகமும்

எங்கள் பாட்டனாரின் கடையில் மூன்று வகை ஏடுகள் இருந்தன. அன்றாடம் நடப்பதை அப்படியே கிறுக்கி வைப்பது சிட்டை. இரவு கடை அடைத்த பிறகு சிட்டையிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. ஆண்டு முடிவில் ஐந்தொகை. எழுதியவரை நாங்கள் சிறுவயதில் கணக்கு மாமா என்று கூப்பிடுவோம். உறவில் மாமா அல்லர். ஊர்க்காரர், 17 வயதில் வந்தவர். கடைக்கு மேலேயே தங்கி, மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருவார்.

வாடிக்கையாளர் கையில் இன்னொரு புத்தகம் இருக்கும். சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன 555 நோட்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதைத் தெரியாத பெரியவர் இருக்க மாட்டார். கடையில் ஒரு பதிவு, அவர் கையில் ஒரு பதிவு. மாதம் சம்பளம் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் ஒரு கோடு. எழுத்தரும் சாட்சியும் ஐந்து காசு நோட்டுக்குள் முடிந்துவிட்டன. அந்த ஏற்பாட்டின் அருமை எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

ராஃபிள்ஸ் பிளேசுக்கும் காலியர் கீக்கும் இடையிலிருந்த சேஞ்ச் ஆலியில் நம் நாணய மாற்று வணிகர்கள் வேறொரு வித்தை வைத்திருந்தார்கள். ஒரு மாலுமி மூன்று நாட்டு நோட்டுகளை நீட்டினால் வாயாலேயே கணக்குப் போட்டு வெள்ளியாக எண்ணிக் கொடுப்பார்கள். விலை எப்படித் தெரியும்? வங்கியில் ஒருவர், அடுத்த கடையில் ஒருவர், பிறகு தொலைபேசி, அதற்கும் பிறகு இடுப்பில் பேஜர். யாருக்கு விலை ஐந்து நிமிடம் முன்னதாகத் தெரிகிறதோ அவருக்கு லாபம். 1979இல் இத்தொழிலுக்குத் தனிச் சட்டமும் உரிமமும் வந்தன. பழைய சேஞ்ச் ஆலி 1989இல் மூடப்பட்டது.

1989 ஜனவரி 1

அதே 1989இல் இன்னொன்று நடந்தது. சேஞ்ச் ஆலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஜனவரி முதல் தேதி டிரேட்நெட் தொடங்கியது.

1985இல் சிங்கப்பூரின் பொருளாதாரம் சுருங்கியது. அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1981இல், தேசியக் கணினி வாரியம் அமைந்திருந்தது. துறைமுகத்தை நம்பி வாழும் நாட்டில் காகிதம்தான் சரக்கைத் தாமதப்படுத்துகிறது என்று அரசாங்கம் கண்டது. அதற்கு முன் ஒரு பெட்டி சரக்கை இறக்க வேண்டுமென்றால் பல படிகளில் படிவம் நிரப்ப வேண்டும். வர்த்தக மேம்பாட்டு வாரியம், சுங்கத்துறை, சரக்குக்கு ஏற்ப வேறு அலுவலகங்கள் என்று கையில் கொண்டுபோக வேண்டும். அனுமதி கிடைக்க இரண்டு நாள், நான்கு நாள் ஆகும். டிரேட்நெட்டில் ஒரே மின்படிவம். பதில் கால் மணி நேரத்தில். நாடு முழுவதற்குமாக இப்படி ஒரு மின்வழி வர்த்தக ஆவண ஏற்பாடு செய்ததில் சிங்கப்பூர்தான் முன்னோடி. பிற நாடுகள் வந்து பார்த்துப் படித்தன.

எங்கள் வாப்பா அப்போது காய்ந்த மிளகாய், வெங்காயம், பருப்பு இறக்குமதி செய்துகொண்டிருந்தார். படிவங்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஓடுவதற்கென்றே கடையில் ஓர் இளைஞர் இருந்தார். எந்தச் சாளரத்தில் எந்த அதிகாரி, அவர் எப்போது தேநீருக்கு எழுந்து போவார் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். இரண்டு ஆண்டில் அந்த அறிவுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. அவரை வாப்பா கிடங்குக்கு மாற்றினார். அவருக்கு அது பிடிக்கவில்லை, விலகிவிட்டார்.

கடைக்கு நன்மை இல்லையா என்றால், இருந்தது. வெங்காயம் அழுகும் பொருள். பெட்டி துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் நட்டம். அனுமதி சீக்கிரம் வந்ததால் கழிவு குறைந்தது. ஆனால் கணினியும் மோடமும் சந்தாவும் அன்று சிறிய கடைக்குப் பெரிய செலவு. வாப்பாவைப் போன்றவர்கள் சரக்கு முகவருக்குக் கட்டணம் கொடுத்து அவர் மூலமாக அனுப்பினார்கள். பெரிய நிறுவனத்துக்கு வேகமும் கிடைத்தது, செலவும் குறைந்தது. எங்களுக்கு வேகம் மட்டும் கிடைத்தது. தந்திக் காலத்தை நினைவுபடுத்தும் இந்த வேறுபாட்டைப் பாராட்டுரைகளில் காண முடியாது.

ஆங்கிலம் பேசிய கணக்கு

கடைக்குள் கணினி வந்தது பொருள், சேவை வரியோடு. 1994 ஏப்ரல் 1இல் 3 விழுக்காட்டில் தொடங்கியது, இப்போது 9 விழுக்காடு. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். மொத்த வியாபாரிக்கு அது பெரிய தொகை அன்று. காலாண்டுக்கு ஒருமுறை வாங்கிய வரி, கொடுத்த வரி இரண்டையும் கூட்டிக் காட்ட வேண்டும். பேரேட்டில் அதற்கென்று ஒரு பத்தி கிடையாது.

வந்த மென்பொருள் ஆங்கிலத்தில் இருந்தது. கணக்கு மாமாவுக்கு ஐந்தொகை தெரியும், ஆங்கிலம் தெரியாது. தமிழைக் கணினியில் ஏற்றும் முயற்சிகள் இதே ஊரில்தான் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. 1997இல் முதல் தமிழிணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. நா. கோவிந்தசாமி போன்றவர்கள் அதற்காக உழைத்தார்கள். அந்தத் தமிழ் கவிதைக்கும் செய்திக்கும் நம் சங்கத்தின் சுற்றறிக்கைக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் கல்லாப்பெட்டிக்கு வரவில்லை. 30 ஆண்டு கணக்கு எழுதிய மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பகுதிநேரக் கணக்கருக்குத் தமிழில் சொல்ல, அந்தப் பெண் ஆங்கிலத்தில் தட்டினார். தன் கணக்கைத் தானே படிக்க முடியவில்லை என்று மாமா ஒரே ஒரு முறை வாப்பாவிடம் சொன்னாராம்.

நாங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயத்தோடும் தேசிய சேவையை முடித்துக்கொண்டும் 2011இல் கடைக்கு வந்தோம். அண்ணன் தம்பி இருவருக்கும் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஒரு விற்பனையாளரிடம் புதிய மென்பொருள் வாங்கினோம். கடன்கணக்கு முழுவதையும் அதில் ஏற்றினோம். இரண்டு இடத்தில் எழுதுவது வீண் வேலை என்று சிட்டையை நிறுத்தச் சொன்னவர்களும் நாங்கள்தான். வாப்பா ஒன்றும் பேசவில்லை. மாமா ஊருக்குத் திரும்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

மறு ஆண்டு, ரமலானுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கணினியின் வன்தட்டு செத்துப்போனது. காப்புப்படி எடுப்பதாக விற்பனையாளர் அமைத்துக் கொடுத்திருந்தார். எடுத்தும் இருந்தது, அதே வன்தட்டில். நாங்கள் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. நான்கு மாதக் கடன்கணக்கு போயிற்று. சாப்பாட்டுக் கடைகள், ஒட்டுக்கடைகள், பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிச் சாமான் எடுத்தவர்கள் என்று கிட்டத்தட்ட 38,000 வெள்ளி வெளியில் நின்றது. யாரிடம் எவ்வளவு என்று தெரியாது.

மாமா தன் பையிலிருந்து ஒரு 555 நோட்டை எடுத்து வைத்தார். எங்களுக்குத் தெரியாமல், பழக்கம் விடாததால், வெளியே போகும் சரக்கைத் தமிழில் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். எல்லாம் இல்லை, அவர் கண்ணில் பட்டவை மட்டும். அதை வைத்து முக்கால் பங்கு மீட்டோம். சில கடைக்காரர்கள் தாங்களாகவே தங்கள் ரசீதுகளோடு வந்து, "இவ்வளவு தர வேண்டும் தம்பி" என்று சொன்னார்கள். சிலர் வரவில்லை. வராதவர்களில் ஒருவர் அந்த ஆண்டும் எங்களுக்கு நோன்புப் பெருநாள் பலகாரம் அனுப்பினார். உம்மா அதைத் தொடவில்லை.

இப்போது எங்கள் கணக்கு மூன்று இடத்தில் இருக்கிறது, அவற்றில் ஒன்று கடைக்கு வெளியே. மாதத்தில் ஒருநாள் காப்புப்படியைத் திறந்து, ஏதாவது ஐந்து கடைக்காரர்களின் பாக்கியைத் தொலைபேசியில் கேட்டு ஒத்துப்பார்க்கிறோம். 555 நோட்டு செய்துவந்த அதே வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம்

2019 செப்டம்பர் 29 ஞாயிற்றுக்கிழமை. இந்திய அரசாங்கம் வெங்காய ஏற்றுமதிக்கு உடனடித் தடை விதித்தது. எங்களுக்கு இரண்டு கொள்கலன்கள் மும்பை நவ சேவா துறைமுகத்தில் நின்றன. பாட்டனார் காலமாக இருந்தால் தந்தி முதலில் யாருக்கு வருகிறதோ அவர் சத்தமில்லாமல் ஊரிலுள்ள சரக்கை வாங்கிப்போட்டிருப்பார். அன்று அரை மணி நேரத்தில் அறிவிப்பின் படம் எல்லார் கைப்பேசியிலும் வந்துவிட்டது. முந்தித் தெரிந்துகொள்வதில் இனி லாபம் இல்லை.

மாலைக்குள் வாடிக்கைக் கடைகள் அழைத்தன. மூன்று வாரத்துக்குப் பழைய விலைக்கே தர முடியுமா என்று ஓர் உணவு நிறுவனம் கேட்டது. எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கிடங்கில் எத்தனை மூட்டை என்று எங்களுக்கே தெரியவில்லை. மென்பொருளில் ஓர் எண் இருந்தது. கிடங்குச் சுவரில் சாக்குக்கட்டியால் பையன்கள் எழுதிவைத்த எண் வேறு. போய் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றோம். போட்டியாளர் தன் கையிருப்பைத் திரையில் பார்த்து, பத்து நிமிடத்தில் விலை சொல்லிவிட்டார். அந்த நிறுவனம் இன்றுவரை அவரிடம்தான் வாங்குகிறது.

அந்த ஒரு நாள் எங்களுக்குச் சொன்னதைக் கருத்தரங்குகள் சொல்லவில்லை. வெளிச் செய்தி எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. போட்டி இப்போது உள்செய்தியில் இருக்கிறது: நம் கிடங்கில் என்ன இருக்கிறது, எது எத்தனை நாளில் கெடும், யார் எப்போது பணம் தருவார் என்பதில். 2018இல் தொடங்கிய உற்பத்தித்திறன் மானியத்துக்கு அதன்பின் விண்ணப்பித்து, மூட்டைகளுக்குப் பட்டைக்கோடு ஒட்டும் ஏற்பாட்டை வாங்கினோம். மானியம் கருவிக்குக் கிடைத்தது. மூட்டை வெளியே போகும்போதெல்லாம் பையன்கள் அதை வருடிப் பதிவு செய்யும் பழக்கம் வர ஓராண்டு ஆனது.

பேரங்காடிகள் இதை எப்போதோ செய்துவிட்டன. 1973இல் தோ பாயோவில் முதல் கடையைத் திறந்த என்டியூசி கூட்டுறவும், 1980களில் வந்த செவன் லெவனும் வளர்ந்தபோது, வீவக அடுக்குமாடிகளின் கீழே இருந்த நம் மாமாக் கடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. விலை மட்டும் காரணமன்று. எந்தப் பொருள் எத்தனை விற்றது என்று பேரங்காடிக்கு அன்றன்றே தெரிந்தது. மாமாக் கடைக்காரருக்கும் தெரியும், ஆனால் அது அவர் தலைக்குள் இருந்தது. அவர் களைத்தபோது கடையும் களைத்தது. பிள்ளைக்குக் கைமாற்றிக் கொடுக்க அதில் ஏடு எதுவும் இல்லை.

பணம் வாங்கும் விதமும் மாறிவிட்டது. நெட்ஸ் 1985இல் தொடங்கப்பட்டபோது கருவி வாடகையும் கழிவும் கொடுக்க மனமில்லாமல் நம் கடைகள் பல ஒதுங்கின. பேநவ் 2017இல் வந்தது, அடுத்த ஆண்டு வணிகங்களுக்கும் விரிந்தது. 2018 செப்டம்பரில் ஒருங்கிணைந்த கியூஆர் குறியீடு வந்தபின் மாமாக் கடையில்கூட ஓர் அட்டை ஒட்டியாயிற்று. சிறு கடைக்காரர் பெரியவர்களுக்குச் சமமாக நின்ற மிகச் சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று. அட்டை ஒட்ட முதல் தேவையில்லை.

2020இல் பள்ளிவாசல்கள் மூடியிருந்த ரமலானில் எங்கள் கடை பிழைத்தது பெண்களால். சமூக ஊடகக் குழுக்களில் கஞ்சிச் சாமான் பொட்டலங்களுக்கு ஆர்டர் எடுத்தது உம்மாவும் அண்ணியும். கணினியில் கணக்கு வைத்தது அண்ணி. மூன்று தலைமுறையாகக் கல்லாப்பெட்டிக்கு அருகே வராத எங்கள் வீட்டுப் பெண்கள், கணக்கு வீட்டுத் திரைக்கு வந்ததால் அதற்குள் வந்தார்கள். யார் எத்தனை நாள் தாமதிக்கிறார் என்று வாப்பாவைவிட அண்ணிக்கு இன்று நன்றாகத் தெரியும். கடன் கொடுக்கலாமா என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். வாப்பாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை.

நாணய மாற்று வணிகர்களுக்கு அந்த ஆண்டு சொல்லி மாளாத கஷ்டம். பயணிகளே இல்லை. அதற்கு முன்பே விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் தளங்கள் வந்து, ஐந்து நிமிட முன்னறிவு என்ற பழைய லாபத்தைத் துடைத்துவிட்டன. பல நாணயங்களை ஒரே அட்டையில் வைக்கும் செயலிகளும் வந்துவிட்டன. 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்த கட்டணச் சேவைச் சட்டத்தின்கீழ் வாடிக்கையாளரை அடையாளம் காண்பதற்கும் பதிவு வைப்பதற்கும் ஆகும் வேலை சின்னக் கடைக்குப் பாரம். நம் குடும்பங்களில் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து ஒரே கணக்கு ஏற்பாட்டைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று பேசிவருகிறார்கள். தயக்கமும் இருக்கிறது. என் விலை உனக்குத் தெரியக்கூடாது என்பது சேஞ்ச் ஆலிக் காலத்துப் பழக்கம்.

இந்தக் கட்டுரைக்காக மாடியில் இருந்த பெட்டிகளை இறக்கினோம். பாட்டனாரின் பேரேடுகளில் மூன்று கிடைத்தன. ஒன்றைக் கரையான் பாதி தின்றிருக்கிறது. மற்ற இரண்டையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துவிட்டோம். எண்கள் தமிழ் எண்களில் இருக்கின்றன, அவற்றைப் பழகிவிட்டோம். இடையிடையே சில பக்கங்கள் அரபுத்தமிழில் எழுதியிருக்கின்றன. வாப்பாவுக்கும் படிக்க வரவில்லை. மாமா ஊரில் மௌத்தாகி இரண்டு ஆண்டாகிறது. உங்கள் வீட்டில் இப்படிப் பழைய ஏடுகள் இருந்தால் காராங்கூனிக்காரரிடம் போடுமுன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். படமெடுத்துத் திருப்பித் தருகிறோம். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நாங்களே வந்து பார்க்கிறோம்.